மூன்று ரூபாய்த் தொலைவு

ஈரூர்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு, சென்றடைய எவ்வளவு நேரம் என்னும் கேள்விக்கு இன்று நொடிப்பொழுதில் விடை கிடைத்துவிடுகிறது. 1896-இல் அவ்விடையைப் பழைய நிலப்படம் ஒன்றில் தேடினார் மதுரையில் பயின்ற பதினாறு வயது மாணவர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்தவர் அவரே.

அவர் கண்ட நிலப்படம் திருவண்ணாமலைக்கு மிக அருகிலுள்ள புகைவண்டி நிலையமாகத் திண்டிவனத்தைக் காட்டியது. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் புதிய இருப்புப்பாதை போடப்பட்டிருந்த செய்தி அப்படத்தில் ஏறவில்லை. கல்லூரிக் கட்டணம் செலுத்துமாறு அண்ணன் தந்த 5 ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆகஸ்ட் 29-ஆம் நாள் நண்பகலில் அவர் நிலையத்தை அடைந்தார். அவரும் காலந்தாழ்ந்தே சென்றார். நல்வாய்ப்பாக வண்டியும் அன்று காலந்தாழ்ந்தே வந்தது.

திண்டிவனத்திற்குச் சீட்டு 2 ரூபாய் 13 அணா. நிலையத்துக் கட்டணப் பலகையை இன்னும் சற்று நிதானமாக நோக்கியிருப்பின், அதில் திருவண்ணாமலையின் பெயரையும், அதற்குச் சரியாக மூன்றே ரூபாய் என்பதையும் கண்டிருப்பார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். கையிலிருந்த தொகையும் அதுவே! பலகையில் ஒரு வரி கண்ணில் படாததன் விலை இரண்டு நாள் அலைச்சல்.

வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தாம் விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும் என்ற உண்மையைச் சொன்னார். நிலப்படம் சொல்லாததை வழிப்போக்கர் சொன்னார். இக்காலத்துத் திருச்சி–விழுப்புரம் நேர்வழிப் பாதை அன்று இல்லை; தஞ்சை, மாயவரம், கடலூர் என வண்டி சுற்றியே செல்ல வேண்டும். மாலையில் திருச்சியில் இருந்தவர் விழுப்புரத்தில் இறங்கியபோது பின்னிரவு மூன்று மணி. இன்று வைகை விரைவு வண்டி மதுரையிலிருந்து விழுப்புரத்தை ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் எட்டிவிடுகிறது.

திண்டிவனம் வரை கொடுத்த கட்டணத்தில் ஒரு பகுதி வீணாயிற்று. எஞ்சிய மூன்றணாவில் அரையணா வழியிலேயே பேரிக்காய்க்குப் போய்விட்டது. விழுப்புரத்து உணவு விடுதிக்காரர் உணவளித்துக் காசு வாங்க மறுத்தார். மிச்சமிருந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரையே செல்ல முடிந்தது. அதற்கே இரண்டேகால் அணா. அதற்கப்பால் கால்நடைதான். பத்து மைல் நடந்து மாலையில் அறையணிநல்லூர்க் கோவிலை அடைந்தார். அங்கிருந்து கீழூர்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் வீட்டில் உணவு கிடைத்தது. இருபது ரூபாய் பெறுமானமுள்ள காதுக் கடுக்கன்களை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்றார். மீட்டுக்கொள்வதற்காகப் பாகவதர் தம் முகவரியை எழுதிக் கொடுத்தார். மீட்கும் எண்ணமே இல்லாத அவ்விளைஞர் சற்றுத் தொலைவு சென்றதும் அச்சீட்டைக் கிழித்தெறிந்தார். அன்றிரவு நிலையத்திலேயே உறங்கி, செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் திருவண்ணாமலை வந்து இறங்கினார்.

மதுரை விட்டு மூன்றாம் நாள் அது. 1950 ஏப்ரல் 14-இல் மறையும்வரை அவர் அம்மலையின் சூழலை விட்டு எங்கும் பயணம் செய்யவில்லை.