பெருந்திமிரி நாட்டில் ஒரு கிணறும் ஒரு வீடும்

ஆற்காட்டிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள், நேற்றுவரை நெல் விளைந்த நிலங்களில் வரிசையாக நடப்பட்டிருக்கும் வண்ணம் பூசிய எல்லைக் கற்களைக் கண்டிருப்பார்கள். கூடவே ஒரு விளம்பரப் பலகையும் நிற்கும். சுற்றுச்சுவர், முப்பதடிச் சாலை, அருகிலேயே பள்ளி, அரைமணி நேரத்தில் மருத்துவமனை எனப் பலகை நீளும். இவற்றோடு தவறாமல் இடம்பெறும் வாசகம் ஒன்று உண்டு: சுவையான நிலத்தடி நீர்! மனை விற்பவர் தண்ணீரின் சுவைக்கு உறுதிமொழி கொடுக்க வேண்டிய நிலை ஒரு நாட்டுக்கு எப்படி வந்தது என்று எண்ணியபடியே அப்பலகைகளைக் கடந்து செல்கிறோம்.

நாங்கள் வாழ்வது திமிரியில். நல்ல வீடு எது, அது நிற்க வேண்டிய நல்ல ஊர் எது என்ற கேள்வி எங்களுக்குள் அடிக்கடி எழுவதுண்டு. பொறியாளரிடமும் வாஸ்து நிபுணரிடமும் போவதற்கு முன் எங்கள் ஊரைச் சுற்றியுள்ள கற்களிடம் கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. கற்கள் ஏமாற்றவில்லை.

ஆற்காட்டுக்குத் தென்மேற்கே பஞ்சபாண்டவர் மலை என்றொரு குன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் குடைவரை உள்ள குன்றுகளில் பலவற்றைப் போலவே இதிலும் பாண்டவர்களைக் குடியேற்றிவிட்டார்கள். உண்மையில் இது சமண முனிவர்கள் வாழ்ந்த மலை. கல்வெட்டுகள் சொல்லும் பெயர் திருப்பான்மலை. முதலாம் இராஜராஜரின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 993 அளவில், இங்கு வெட்டப்பட்ட கல்வெட்டொன்று இம்மலையைப் படுவூர்க் கோட்டத்துப் பெருந்திமிரி நாட்டில் வைக்கிறது. இன்று பேரூராட்சியாக இருக்கும் எங்கள் ஊர் அன்று ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்திருக்கிறது என்பதில் எங்களுக்குச் சற்றே பெருமிதம் உண்டு; மறைப்பானேன்!

அக்கல்வெட்டு சொல்லும் செய்தி சுவையானது. இலாடப் பேரரையர் வீரசோழர் தம் தேவியுடன் இம்மலைக்கு வழிபட வருகிறார். பள்ளிக்கு உரிய கூறகன்பாடி என்னும் ஊரின் கற்பூர விலை முதலிய வருவாயை இலாடர்களே எடுத்துக்கொண்டதால் பள்ளிச்சந்தம் கெட்டுப்போயிற்று என்பதைத் தேவியார் எடுத்துச் சொல்லி, அதை விட்டுவிடுமாறு வேண்டுகிறார். அரையர் இசைகிறார். ஓர் ஊரின் வருவாய் ஊரைவிட்டு வெளியேறினால் அந்த ஊர் கெடும் என்ற எளிய கணக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி மலையடிவாரத்தில் நின்று சொல்லியிருக்கிறார்.

இதைவிட எங்கள் உள்ளத்தைத் தொட்டது, இதற்கு அரை நூற்றாண்டு முற்பட்ட மற்றொரு சாசனம். மலைக்கு அருகிலுள்ள விளாப்பாக்கத்தில் கிடைத்தது. முதலாம் பராந்தகரின் 38-ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 945 அளவு. திருப்பான்மலை அரிஷ்டநேமி படாரரின் மாணாக்கியார் பட்டினிக் குரத்தியடிகள் என்னும் சமணத் துறவியார் அவ்வூரில் ஒரு கிணறு தோண்டுவிக்கிறார். அந்தக் கிணறும் அதனோடு ஒரு வீடும் பெண்பள்ளியாக அமைகின்றன. காக்கும் பொறுப்பு இருபத்துநால்வர் எனப்பட்ட ஊரவையாருடையது. பெண்பள்ளி என்பது பெண்துறவியர் மடமா, பெண்கள் கல்வி பயின்ற இடமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. சமணப் பள்ளிகளில் உறைவதும் கற்பதும் ஒன்றாகவே நிகழ்ந்தன என்பதால், இரண்டுமாகவே அது இருந்திருக்கும் என்று கருதுகிறோம்.

இக்கல்வெட்டின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கிணறு, பிறகு வீடு, பிறகு அதைக் காக்கும் அயலார். குடும்பத்தைத் துறந்த பெண்ணொருத்திக்கும் ஓர் ஊரில் கூரையும் நீரும் வேண்டும், அவற்றுக்கு ஊரே பொறுப்பேற்க வேண்டும் என்று பெருந்திமிரி நாடு எண்ணியிருக்கிறது. தனியே வாழும் பெண் ஒருத்தி வாடகைக்கு வீடு தேடிப் பத்துப் படியேறி இறங்கும் இந்நாளில், இதைப் பழம்பெருமை என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை.

நீரிலிருந்து ஊரைத் தொடங்குவது தொண்டை நாட்டின் பழைய வழக்கம். பாலாறு பெரும்பாலும் மணலாறு. ஆண்டில் சில நாட்கள் ஓடும் வெள்ளத்தை ஏரியில் தேக்கினால்தான் வாழ்வு. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தைச் சேர்ந்த மகேந்திரவாடிக்குப் போனால் ஒரு மன்னர் ஊரை எப்படிக் கற்பனை செய்தார் என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மர் அங்கே ஒற்றைப் பாறையைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்தார். மகேந்திரபுரத்தில், மகேந்திர தடாகத்தின் கரையில், மகேந்திர விஷ்ணு கிருகம் என்று அதன் கல்வெட்டு கூறுகிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தம் பெயரையே சூட்டிக்கொண்ட அந்தக் கலைஞரின் தன்னம்பிக்கையை ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது! ஆனால், ஏரி இல்லாமல் ஊரும் இல்லை, கோயிலும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. காவேரிப்பாக்கம் ஏரி, மாமண்டூர் ஏரி என இந்த வரிசை நீளும்.

ஏரியை வெட்டுவது மன்னர் வேலை. தூர் வாருவது ஊரார் வேலை. பராந்தகரின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டவை. முப்பது குடும்புகள், குடவோலை என்று எல்லோரும் வியப்பார்கள். அங்கே ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியம் இருந்தது என்பதும், தோட்டங்களுக்கு மற்றொரு வாரியம் இருந்தது என்பதும் நம் கேள்விக்கு முக்கியமானவை.

இந்த இடத்தில் பழம்பெருமைக்குச் சற்று கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. உத்திரமேரூர் வாரியத்தில் உறுப்பினராக, கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் கட்டிய வீடும் வேதப் பயிற்சியும் வேண்டும். அது ஒரு சதுர்வேதிமங்கலம். அங்கே உழுதவனுக்கும் தோல் உரித்தவனுக்கும் ஓலையில் பெயர் ஏறாது. அவர்கள் எங்கே வாழ்ந்தார்கள்? இதற்கு விடை தேடச் சோழ மண்டலத்துக்கே போக வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராஜராஜர் அளித்த ஊர்களைப் பட்டியலிடும் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களை ஊர்தோறும் எண்ணிச் சொல்கின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, வண்ணாரச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று போகிறது அந்தக் கணக்கு. தீண்டாச்சேரி என்ற சொல்லே அங்கு வந்துவிடுகிறது. நொபோரு கராஷிமா போன்ற ஆய்வாளர்கள் இந்தக் கல்வெட்டுகளைக் கொண்டுதான் சோழர்கால ஊரின் வடிவத்தை மீட்டெடுத்தார்கள். பெருவுடையார் கோயிலின் கல்லில் அழகிய எழுத்தில் பொறிக்கப்பட்ட அந்தப் பட்டியலைப் படிக்கும்போது, இலட்சிய ஊருக்கு ஒரு வெளிவட்டம் இருந்தது என்பதும், அது தற்செயலானதன்று, அளந்து பதிவு செய்யப்பட்டது என்பதும் உறைக்கிறது.

திமிரிக்கு மீள்வோம். 1751-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஆற்காட்டுக் கோட்டையைக் கைப்பற்றிய சில நாட்களிலேயே ராபர்ட் கிளைவ் திமிரியை நோக்கி இருமுறை படையோடு வந்தார். ஆற்காட்டிலிருந்து வெளியேறிய சந்தா சாகிப் தரப்பினர் இங்கே கூடியிருந்ததே காரணம். இச்சண்டையை எழுதிய ராபர்ட் ஆர்ம், போகிற போக்கில் ஊரின் நிலப்பரப்பையும் வரைந்துவிடுகிறார். கரையும் அகழியும் சூழ்ந்த ஒரு தோப்பு. அதற்கு எதிரே ஐம்பது கஜத்தில், உயர்ந்த கரையுடைய பெரிய நீர்நிலை ஒன்று. ஆனால் பழமையாலும் கவனிப்பாரின்மையாலும் அது தூர்ந்து, ஏறக்குறைய வறண்டு கிடந்ததாம். கரை மட்டும் வீரர்கள் ஒளிந்துகொள்ளப் பயன்பட்டது! தோல் ஷாப்புகளும் ஆழ்துளைக் கிணறுகளும் வருவதற்கு நெடுங்காலம் முந்திய செய்தி இது. நம் ஏரிகளை ஆங்கிலேயர்தான் கெடுத்தார்கள் என்று முழங்குவோர் இந்த ஒரு வரியையும் கணக்கில் கொள்வது நல்லது. வாரியம் கலைந்த இடத்தில் ஏரி தானாகவே தூர்ந்துபோகும்.

இன்னொரு வெள்ளைக்காரரும் நம் ஊர்களைப் பார்த்தார். அவர் பார்வை வேறு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், 1914-இல் தம் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்குப் புறப்பட்டார். கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை அக்டோபரில் மூழ்கடித்தது, அதற்கு ஒரு மாதம் முன்பு சென்னையின் மீது குண்டு வீசிய அதே எம்டன். கெடிஸ் அசரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பியவற்றைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னை செனட் இல்லத்தில் கண்காட்சியை நடத்திவிட்டு, மாகாணத்தின் ஊர்களைக் காணக் கிளம்பினார். நெருக்கமான தெருக்களை இடித்துத் தள்ளி அகலச் சாலை போடுவதுதான் அன்றைய அதிகாரிகளுக்குச் சீர்திருத்தமாகத் தோன்றியது. கெடிஸ் அதை மறுத்தார். வாழும் ஊரை அறுவை மருத்துவர் போல, சிதைக்காமல் சிறிதே திருத்த வேண்டும் என்றார். குளங்களைத் தூர்க்காமல் காக்க வேண்டும் என்றார். காஞ்சிபுரத்தின் அமைப்பு அவரைப் பெரிதும் கவர்ந்தது. அடுத்து 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. சட்டம் நிலைத்தது, குளங்கள் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை.

இனி, நாம் இன்று வாழும் ஊர். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் வேரூன்றியபோது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போதுமானவையாக இருந்தன. 1970-களில் பச்சைத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலையும் காலணியையும் ஊக்குவித்தபோது குரோமியப் பதனீடு பெருகியது. வேலை பெருகியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திமிரியைச் சுற்றிய சிற்றூர்களிலிருந்து காலையில் ஷூ கம்பெனிப் பேருந்தில் ஏறும் பெண்களின் சம்பளத்தில்தான் எத்தனையோ கூரைகள் மாடியாகியிருக்கின்றன. விலை வேறிடத்தில் வசூலிக்கப்பட்டது. தோலைக் காக்க இட்ட உப்பும், பதனிட்ட குரோமியமும் பாலாற்று மணலுக்குள் இறங்கின. 1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் மண்டலத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாது போயிற்று என்ற ஆய்வைச் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்ற தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று. உலகெங்கும் சட்ட மாணவர்கள் வேலூரின் பெயரை இந்தத் தீர்ப்பால்தான் அறிகிறார்கள். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற ஒன்றரை இலட்சம் டன் கழிவோ, ஆலை மூடிய பின்னும் அங்கேயே கிடந்தது. 2006-இல் அமெரிக்க அமைப்பொன்று வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் ஒன்று.

2015 ஜனவரி 31, விடியுமுன். இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. குழம்பு பாய்ந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். வேலை செய்த தளமே அவர்களுக்கு வீடு. நச்சுத் தொட்டியின் சுவர் அவர்களுக்கு அண்டை வீடு. தஞ்சைக் கல்வெட்டு எண்ணிய சேரிகளுக்காவது பெயர் இருந்தது.

2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளித்திருக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீடு வழங்கி, அதை மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும். ஓய்வு பெற்ற உயர்நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும். குழு என்றதும் எங்களுக்கு ஏரி வாரியம் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள்.

எங்கள் இலட்சிய இல்லத்தைப் பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. முற்றமும் திண்ணையும் வேண்டும் என்கிறார் எங்களில் ஒருவர். அந்தத் திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்று முதலில் சொல், பிறகு கொத்தனாரைக் கூப்பிடலாம் என்கிறார் மற்றவர். கிணறு வீட்டுக்குள்ளா, தெருவிலா என்பதில் மட்டும் இருவருக்கும் ஐயமில்லை, தெருவில்தான். வீட்டுக்கு வீடு ஆழ்துளை போட்டு, யார் ஆழமாகப் போகிறார் என்று போட்டியிட்டு, கடைசியில் எல்லோரும் கேன் தண்ணீர் வாங்கும் இப்போதைய ஏற்பாட்டைவிட, விளாப்பாக்கத்துக் குரத்தியாரின் ஏற்பாடு சிக்கனமானது.

அந்த ஊரில் தோல் ஷாப்பு இருக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கட்டும். ஆனால் அது ஊரின் காற்றும் நீரும் போய்ச் சேரும் கடைக்கோடியில், கேட்பாரற்றவர்களின் குடியிருப்பை ஒட்டி இருக்க வேண்டாம். முதலாளியின் வீடு, கணக்குப்பிள்ளையின் வீடு, தோல் உப்பைத் தட்டுபவரின் வீடு மூன்றும் ஒரே தெருவில் இருக்கட்டும். மூன்று வீட்டுக்கும் அந்த ஒரே கிணறு. அந்தத் தெருவுக்கு இருபத்துநால்வரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் சொந்த மனை இருக்கிறதா என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.