அமைதிப்படை போய் வந்த கதை

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தினேன். பானிபட் போர் மூன்றையும் வருஷத்தோடு ஒப்பிக்க வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் வீடு. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளின் அப்பாக்கள் போய்வந்த இலங்கைச் சண்டை, நான் நடத்திய எந்தப் பாடத்திலும் இல்லை. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. முந்தின நாள் ராமேஸ்வரத்திலிருந்து படகில் அனுப்பிய பொருள்களை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியதற்குப் பதில் அது. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் பூமாலை. தமிழ்நாட்டில் அன்று சந்தோஷப்படாத வீடு இருந்திருக்காது. ஜூலை 29-ல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது சிங்களக் கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவை அடித்தான். நம் படை யாழ்ப்பாணம் போய் இறங்கியபோதோ, தமிழ் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள்.

இந்த ஒப்பந்தத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆயுதத்தைக் கீழே போட வேண்டியவர்கள் புலிகள். அவர்கள் அதில் கையெழுத்திடவே இல்லை. இரண்டு அரசுகள் போட்ட கணக்கை மூன்றாமவர் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் சிப்பாய் போய் வாங்கிவர வேண்டும் என்று ஏற்பாடு. அந்தப் புலிகளுக்கு 1983-க்குப் பிறகு ஆயுதப் பயிற்சி கொடுத்ததும் நம் அரசுதான். டெல்லியில் ஒரு அலுவலகம் பயிற்றுவித்தவனை இன்னொரு அலுவலகம் பிடிக்கச் சொன்னது.

செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 5-ல், இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு விழுங்கி இறந்தார்கள். ஐந்தாறு நாளில் அமைதிப்படை போர்ப்படையாகிவிட்டது.

முதல் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பின்னாளில் எழுதிய நூலில் ஒரு சம்பவம் வருகிறது. செப்டம்பர் நடுவில், பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைக் கைது செய்யவோ சுடவோ வேண்டும் என்று இந்தியத் தூதர் தீட்சித் தொலைபேசியில் சொன்னதாகவும், பேச வருகிறவனை முதுகில் சுடுவது ராணுவத்தின் வழக்கமில்லை என்று தாம் மறுத்ததாகவும் எழுதியிருக்கிறார். இது அவர் தரப்பு. ஆனால் படித்தபோது எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் வீரர்களை இறக்கினார்கள். புலிகளின் தலைமையைப் பிடிப்பது திட்டம். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்ட புலிகள் தயாராகக் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அடுத்து உதவிக்கு வர வேண்டிய ஹெலிகாப்டர்கள் குண்டடிபட்டு வர முடியாமலே போயின.

பத்து நாள் கழித்து தீபாவளி. அன்று, அக்டோபர் 21-ல், அதே ராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்தது. உள்ளிருந்து சுட்டார்கள் என்பது ராணுவத்தின் பதில். நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் மறுநாள் காலை, தாதியரோடு கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சுடப்பட்டார். 'முறிந்த பனை' எழுதியவர்கள் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரான ராஜினி திரணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பல்கலைக்கழக மைதானத்தில் சகாக்களை இழந்த ஆத்திரம்தான் ஆஸ்பத்திரியில் வெளிப்பட்டது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்கமாட்டேன். ஆத்திரம் வரும், வந்திருக்கும். படுக்கையில் கிடப்பவனைச் சுட அது காரணமாகாது. அதே சமயம், எதிரி யார், எதற்காக வந்தோம் என்று சொல்லாமல் ஒரு பஞ்சாப் விவசாயி மகனை அங்கே கொண்டு இறக்கியவர்களின் பங்கை அந்தச் சிப்பாயின் தலையில் கட்டவும் மனம் வரவில்லை.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். தமிழ் தெரியும் என்பதால் சோதனைக்குப் போகும் ஒவ்வொரு வீட்டுக்கும் அவரை முன்னால் அனுப்புவார்களாம். ஒரு வீட்டில் கிழவி ஒருத்தி, "தம்பி, நீ தமிழ்ப் பிள்ளையோ? பிறகேன் இவங்களோட வந்தனீ?" என்று கேட்டாளாம். "நான் என்ன சார் சொல்றது? அலமாரியத் திறங்கம்மான்னேன்" என்றார் என்னிடம். இதைத் தவிர இலங்கையைப் பற்றி அவர் வாய் திறந்ததில்லை. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மிதிவெடி. மரப்பெட்டிக்குள் வைத்தது, உலோகம் கண்டறியும் கருவிக்கு எளிதில் சிக்காது. யாழ்ப்பாணத்தார் அதை ஜொனி மிதிவெடி என்பார்கள். அதே வெடியில் கால் போன ஊர்க்காரர்கள் அங்கேயும் உண்டு. இங்கே கண்டுபிடித்த ஜெய்ப்பூர் காலைத்தான் அவர்களும் மாட்டிக்கொண்டார்கள்.

உச்சத்தில் 70,000 பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள். ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. பம்பாயில் பிறந்த தமிழர் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். 1987 நவம்பர் 25-ல் இறந்தார், பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள். செத்த தமிழ்ப் பொதுமக்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கே இல்லை.

1989-ல் பிரேமதாசா, ஜூலைக்குள் வெளியேறு என்றார். போதாததற்குப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். கடைசிக் கப்பல் 1990 மார்ச் 24-ல் திருகோணமலையிலிருந்து கிளம்பியது. தமிழரைக் கொன்ற படையை வரவேற்கப் போகமாட்டேன் என்று முதல்வர் கருணாநிதி போகவில்லை. அவர் செய்ததில் நியாயம் உண்டு என்றுதான் அன்று ஆசிரியர் அறையில் பேசினோம். எங்கள் தெரு ஹவில்தார் அதற்கு முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி ஊர் வந்து சேர்ந்திருந்தார். அவரை வரவேற்கவும் யாரும் போகவில்லை.

வா என்று ஒப்பந்தம் போட்டு, போ என்று விரட்டிய கொழும்பு, பிறகு பத்தரமுல்லையில் அமைதிப்படைக்கு நினைவுச் சின்னம் எழுப்ப இடம் கொடுத்தது. கறுப்புக் கல்லில் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்தியத் தலைவர்கள் கொழும்பு போனால் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அக்டோபர் 21-லும் ஊழியர்கள், இறந்த தங்கள் சகாக்களின் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள்.