கோனிக்ஸ்பெர்க் தோல்வாரும் பாலாற்றுத் தண்ணீரும்

இந்தியாவில் எந்தச் சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் வேலூர் என்ற பெயரைத் தாண்டிப் போக முடியாது. பாலாற்றில் கழிவுநீரைக் கலந்த தோல் ஆலைகளை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கொள்கை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் அறிவித்தது. வருமுன் காப்பது வள்ளுவர் காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த அறிவுதான். இந்தக் கொள்கையில் புதிது, நிரூபிக்கும் பொறுப்பு கைமாறியது. ஆலையால் கேடு வரும் என்று ஊர்க்காரர் காட்ட வேண்டியதில்லை; வராது என்று ஆலைக்காரர் காட்ட வேண்டும். இந்த எண்ணம் ஐரோப்பியத் தத்துவத்தின் நடுக்கூடத்திலிருந்து கிளம்பி நம் பாலாற்றங்கரைக்கு வந்தது. வந்த வழி நெடுக ஒரே தோல் வாடை!

பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு தோல் தொழிலாளி நிற்கிறார். பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் குதிரைகளுக்கு வாரும் சேணப் பட்டையும் தைத்துப் பிழைத்தவர் யோஹான் கியோர்க் காண்ட். அவருடைய தொழில்சங்கத்துக்கும் சேணம் செய்வோர் சங்கத்துக்கும் யார் எதைத் தைக்கலாம் என்று ஓயாத தகராறு. அதில் நஷ்டப்பட்டபோதும் எதிர்த்தரப்பைப் பற்றிப் பெற்றோர் பழித்துப் பேசியதில்லை என்று மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1724-இல் பிறந்த அந்த மகன்தான் இம்மானுவேல் காண்ட். நீ செய்வதையே எல்லோரும் விதியாக எடுத்துக்கொண்டால் உனக்குச் சம்மதமா என்று கேட்டு எந்தச் செயலையும் சோதிக்கலாம் என்று 1785-இல் அவர் எழுதினார். ஐரோப்பிய அறவியல் இருநூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

காண்ட் வீட்டுத் தோல் மரப்பட்டையில் ஊறிய தோல். நம் ஊரில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் செய்த வேலை அதுதான். வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1858-இல் பிரீட்ரிஷ் க்னாப் என்ற ஜெர்மன் வேதியியலாளர் குரோமிய உப்பால் தோலைப் பதனிட முடியும் என்று கண்டார். அப்போது வியாபாரிகள் யாரும் சீண்டவில்லை. பிறகு அமெரிக்காவில் ஒரு விபத்துபோல அது உயிர்பெற்றது. பெண்கள் இடுப்பை இறுக்கிக் கட்டும் கச்சில் எஃகுப் பட்டைகள் இருக்கும். படிகாரத்தில் பதனிட்ட தோலை அதன்மேல் சுற்றினால் எஃகு துருப்பிடித்தது. துரு ஏறாத தோல் வேண்டும் என்று ஒருவர் கேட்கப்போய், சாயத் தொழில் தெரிந்த அகஸ்டஸ் ஷுல்ஸ் 1884-இல் குரோம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அதைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். கச்சுக்காகப் பிறந்த ரசாயனம் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.

தத்துவத்தின் பக்கம் 1920-களில் எல்லோர் கண்ணும் ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் இருந்தது. மார்ட்டின் ஹைடெகர் வகுப்பில் ஹானா ஆரெண்டும் ஹான்ஸ் யோனாஸும் சக மாணவர்கள். தோலும் காலணியும் செய்யும் ஆம்பூர் வாசகருக்கு ஹைடெகரிடம் வேறொரு ஆர்வமும் இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் அவர் பார்த்த வான்கா ஓவியம் ஒன்றில் ஒரு ஜோடி பழைய பூட்ஸ். உழவுப் பெண்ணின் பூட்ஸ் அவை, அவள் மண்ணும் உழைப்பும் அவற்றில் தெரிகின்றன என்று ஹைடெகர் எழுதினார். 1968-இல் கலை வரலாற்றாளர் மேயர் ஷப்பிரோ, அவை ஓவியருடைய சொந்த பூட்ஸ் என்று மறுத்தார். 1978-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி டெரிடா இருவரையும் கேள்வி கேட்டார்: ஏன் யாருக்காவது அவற்றைச் சொந்தமாக்கத் துடிக்கிறீர்கள்? அருமையான விவாதம்தான். ஆனாலும் அந்தத் தோலைப் பதனிட்ட கைகளும், பதனிட்ட நீர் போய்ச் சேர்ந்த இடமும் விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை. அதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அந்த இடத்துக்கு அருகில் வந்தவர் மாணவர் யோனாஸ். யூதரான அவர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் ஜெர்மனியை விட்டுப் போனார். வென்ற படையின் சிப்பாயாக அன்றி அங்கே கால் வைப்பதில்லை என்று உறுதி எடுத்தார். ஆசிரியர் ஹைடெகரோ நாஜிக் கட்சியில் சேர்ந்தார். பிரிட்டிஷ் படையில் யூதர் பிரிவில் போரிட்டபடியே, உயிர் என்றால் என்ன என்ற தன் சிந்தனைகளை யோனாஸ் மனைவிக்குக் கடிதங்களாக எழுதினார். 1945-இல் சொன்னபடியே சீருடையில் திரும்பினார். தாய் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டிருந்தார்.

பிறகு நியூயார்க்கில் ஆங்கிலத்தில் பாடம் நடத்தி வாழ்ந்தவர், முதுமையில் தாய்மொழிக்குத் திரும்பி 1979-இல் ‘பொறுப்பு என்னும் நெறி’ நூலை எழுதினார். அதுவரை வந்த அறங்கள் எல்லாம் அருகில் இருப்பவரை, இன்று வாழ்பவரை மனதில் வைத்தே பேசின என்றார் அவர். தொழில்நுட்பம் நம் கையை மிக நீளமாக்கிவிட்டது. இன்னும் பிறக்காதவரையும் அது தொடுகிறது. ஆகவே காண்ட் சொன்ன சோதனையோடு எதிர்காலத்தையும் சேர்க்க வேண்டும்: பூமியில் மனித வாழ்வு நிலைத்திருப்பதற்கு உன் செயலின் விளைவு இடையூறாகக் கூடாது. நல்லது நடக்கும் என்றும் கெட்டது நடக்கும் என்றும் இரண்டு கணிப்புகள் வந்தால், கெட்டதைச் சொல்லும் கணிப்புக்கே முதலிடம். அச்சத்தையும் அறிவின் கருவியாக்கிய இந்தத் துணிவுதான் யோனாஸின் பெரிய கொடை என்பேன்.

யோனாஸ் புத்தகத்திலிருந்து சட்டம் பிறந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. மேற்கு ஜெர்மனியின் காற்றுமாசுச் சட்டம் 1974-லேயே முன்னெச்சரிக்கையைச் சேர்த்துக்கொண்டது. புத்தகமும் சட்டமும் ஒரே காலத்துக் கவலையின் பிள்ளைகள். சட்டத்துக்கு நகல்கள் பெருகின: 1987-இல் லண்டனில் வடகடல் நாடுகளின் பிரகடனம், 1992-இல் ரியோ பிரகடனத்தின் 15-ஆம் நெறி. மீட்க முடியாத கேடு வரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் உறுதி போதாது என்று சாக்குச் சொல்லி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது ரியோ.

பாலாற்றுக்கு இந்த எண்ணத்தை முதலில் கொண்டுவந்தவர்கள் வியாபாரிகள்தான். 1970-களில் அந்நியச் செலாவணிக்காக மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையான தோலும் காலணியும் அனுப்பச் சொன்னது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் குரோம் முறை பெருகியது. குரோமில் ஊறி நீலம் பாய்ந்த ‘வெட் புளூ’ தோல் குவிந்தது. பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்றான ஜெர்மனி 1989-இல், தோலில் பூஞ்சை வராமல் காக்கும் பென்டாகுளோரோபீனாலைத் தடைசெய்தது. 1990-களில் சிலவகை அசோ சாயங்களுக்கும் தடை. ஏற்றுமதி ஆர்டர் கையை விட்டுப் போய்விடுமே என்று நம் டேனரிகள் ரசாயனத்தை மாற்றின. அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. ஜெர்மானியரின் தோலைக் காக்க வந்த விதி அது. பாலாற்றில் கலந்த கழிவுநீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அதைச் சொன்னது 1991-இல் தொடுக்கப்பட்ட வேலூர் வழக்கு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், குரோம் முறையில் சுமார் 170 வகை ரசாயனங்கள், பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழான ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் என்று தீர்ப்பு கணக்குப் போட்டது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு ரியோவையும், உயிர்வாழும் உரிமையைக் காக்கும் நம் அரசமைப்பின் 21-ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்றது. தீர்ப்பில் யோனாஸ் பெயர் இல்லை. கருத்துகள் இப்படித்தான், பெயரைத் தொலைத்துவிட்டுப் பயணம் போகின்றன. 2010-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆம் பிரிவும் அதே கொள்கையை எடுத்துக்கொண்டது.

யோனாஸ் சொன்ன நீண்ட கையைப் பார்க்க சோளிங்கர்க்காரர் தொலைதூரம் போக வேண்டாம். அவர்கள் மாவட்டத்திலேயே, ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், பதனிடும் குரோம் உப்புகளைத் தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை 1995-இல் மூடப்பட்டது. அங்கே விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு நிலத்தடி நீரில் இறங்கியது. ஆலை ஓடியது சுமார் இருபது ஆண்டு. கழிவு அதைவிட நீண்ட ஆயுளோடு கிடந்தது.

நஷ்டஈட்டுக் கதையும் நீளம்தான். 2001-இல் சுமார் 29,000 பேருக்கு ஈட்டுத்தொகை தீர்மானிக்கப்பட்டது, பாலாறு மீளவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடி பேசியது: ஒருமுறை பணம் கட்டியதோடு பொறுப்பு தீராது, கேடு சரியாகும்வரை அது தொடரும். யோனாஸ் கேட்டதும் ஏறக்குறைய இதுதான்.

உங்கள் ஊரில் ஒரு ஆலைக்காகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். ‘கேடு வரும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம்?’ என்று கேட்பார்கள். ‘வராது என்பதற்கு உங்கள் ஆதாரத்தை முதலில் காட்டுங்கள்’ என்று தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது.