மணமானால் வேலை இல்லை: ஒரு விதியின் வரலாறு

பெண் ஊழியர் மணம் செய்துகொண்டால் வேலையை விட்டு விலக வேண்டும் என்ற விதி, இந்திய அரசுப் பணிகளிலும் தனியார் நிறுவனங்களிலும் விடுதலைக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நடப்பில் இருந்தது. பிரிட்டிஷ் நிர்வாகத்திலும் இதே வழக்கம் இருந்தது. பிரிட்டனின் உள்நாட்டு அரசுப் பணியில் 1946இல் இத்தடை நீங்கியது. வெளியுறவுப் பணியில் 1973 வரை நீடித்தது. அரசு வேலையில் பால் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு 1950லேயே கூறிவிட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதப்பட்ட ஐ.ஏ.எஸ். ஆள்சேர்ப்பு விதிகள், மணமான பெண் எவரும் இப்பணியை உரிமையாகக் கோர முடியாது என்றன. பணியில் இருக்கும் பெண் பின்னர் மணந்தால், நிர்வாகத் திறனைக் காரணம் காட்டி அவரை விலகச் சொல்லும் அதிகாரத்தையும் அரசு தன் கையில் வைத்துக்கொண்டது.

படித்த இந்தியப் பெண்களின் முதல் தலைமுறை இந்த விதிக்கு முந்தியது. கல்கத்தாவின் காதம்பினி கங்குலி 1883இல் துவாரகநாத் கங்குலியை மணந்தபின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பின் நடுவே குழந்தை பெற்றவர், பேறுகாலத்துக்காகக் கல்லூரிக்கு வராமலிருந்தது பதின்மூன்று நாட்களே என்று பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1888இல் ஒரு கடிதத்தில் வியந்திருக்கிறார். இன்றைய கண்ணுக்கு அந்தப் பதின்மூன்று நாட்கள் சாதனையைவிட நெருக்கடியையே அதிகம் காட்டுகின்றன. 1891இல் ‘பங்கபாசி’ என்ற வங்க இதழ் அவருடைய ஒழுக்கத்தைப் பழித்து எழுதியது. கங்குலி தம்பதியர் வழக்குத் தொடுத்து வென்றார்கள்; ஆசிரியருக்கு ஆறு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கிடைத்தன. அடுத்த சில ஆண்டுகளில் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுக் காதம்பினி பிரிட்டன் சென்று மேற்பட்டங்களுடன் திரும்பினார்.

சென்னையில் பாதை வேறாக அமைந்தது. இளம் வயதிலேயே கைம்பெண்ணான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்றார். திருவல்லிக்கேணிக் கடற்கரையின் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் அவர் நடத்திய இல்லம் இளம் கைம்பெண்களை ஆசிரியைகளாக்கியது. குடும்பம் கைவிட்ட பெண்ணுக்குத் தொழில் கிடைத்தது. கணவனோடு வாழும் பெண்ணுக்கு அந்த வழி திறக்கவில்லை. பள்ளி ஆசிரியை என்றால் கைம்பெண் அல்லது மணமாகாத கிறித்தவப் பெண் என்ற எண்ணம் பல காலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். முத்துலட்சுமி ரெட்டி இதற்கு விலக்கு. 1912இல் மருத்துவப் பட்டம் பெற்ற அவர், தம்மைச் சரிநிகராக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை ஏற்ற பின்பே 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். வேலையையும் வீட்டையும் சேர்த்து நடத்த அன்று சட்டம் எதுவும் துணைக்கு வரவில்லை; கணவர் கொடுத்த வாக்குதான் இருந்தது.

அரசுப் பணியில் முதலில் நுழைந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 1951இல் ஐ.ஏ.எஸ். பணிக்குத் தேர்வாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்த அன்னா ராஜம் ஜார்ஜின் நியமன ஆணையிலேயே, மணந்தால் பணி முடியும் என்ற வாசகம் இருந்தது. பெண்ணை மாவட்டப் பணிக்கு அனுப்ப முதலமைச்சர் ராஜாஜி முதலில் தயங்கினார். அன்னா ராஜம் வாதாடி சப் கலெக்டர் ஆனார். அந்த விதி பிற்பாடு தளர்ந்தது. அவர் தம்முடன் பணியில் சேர்ந்த ஆர்.என். மல்ஹோத்ராவை மணந்தது 1985இல்தான்.

இந்த விதியை நீதிமன்றம் வரை இழுத்தவர் சி.பி. முத்தம்மா. குடகில் பிறந்து சென்னையில் படித்த அவர், 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். மணந்தால் விலகிவிடுவேன் என்று சேரும்போதே அவரிடம் உறுதிமொழி வாங்கப்பட்டது. 1961இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின: பெண் அதிகாரி மணம் செய்ய அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும்; குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறாகும் என்று அரசு கருதினால் அவரை விலகச் சொல்லலாம். ஆண் அதிகாரிக்கு இப்படி ஒரு விதி கிடையாது. முத்தம்மா மணம் செய்யாமலே பணியைத் தொடர்ந்து, 1970இல் ஹங்கேரிக்குத் தூதரானார். பின்னர் முதல்நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் சென்றார்.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு தந்து ஹேகில் தூதராக்கியது. மணமான பெண்ணுக்கு உரிமையில்லை என்ற விதி ஏற்கெனவே 1973இல் நீக்கப்பட்டிருந்தது; அனுமதி பெறும் விதியும் போய்விடும் என்று அரசு உறுதி கூறியது. எனவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அரசை விடவில்லை. வீட்டுப் பொறுப்பு ஆணுக்கும் இடையூறாகலாமே, அப்படியிருக்கப் பெண்ணை மட்டும் ஏன் விலகச் சொல்ல வேண்டும் என்பது அவர் கேள்வி. வழக்கில் தோற்றவர் என்று பதிவேடு சொல்லும் முத்தம்மாவின் பெயரைத்தான் இந்த வரலாறு இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

தொழிற்சாலைகளில் தடை இதற்கு முன்பே அடிவாங்கியிருந்தது. பம்பாயில் ஒரு மருந்து நிறுவனத்தில் மருந்துகளை அடைத்துச் சீட்டு ஒட்டும் பிரிவில் வேலை செய்த பெண்கள், மணந்தால் வெளியேற வேண்டியிருந்தது. குழுவாகச் செய்யும் வேலை, மணமானவர்கள் அடிக்கடி வர மாட்டார்கள் என்று நிர்வாகம் வாதிட்டது. மணமாகாதவரையோ கைம்பெண்ணையோவிட மணமானவர் அதிகம் வராமலிருப்பார் என்பதற்கு ஆதாரமில்லை, பேறுகால விடுப்புக்கு மாற்று ஆட்களை வைத்துக்கொள்வது நிர்வாகத்தின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1965இல் அந்த விதியை நீக்கியது. தொழிற்சங்கம் நடத்திய வழக்கு என்பதால் ஒரு பெண்ணின் வெற்றியாக அது பேசப்படவில்லை.

ஏர் இந்தியா பணிப்பெண்களின் கதை அவ்வளவு நேராகப் போகவில்லை. 35 வயதில், அல்லது சேர்ந்த நான்கு ஆண்டுகளுக்குள் மணந்தால், அல்லது முதன்முறை கருவுற்றால், இவற்றில் எது முந்தியதோ அப்போது பணி முடியும். நிர்வாக இயக்குநர் மனம் வைத்தால் 45 வயது வரை நீட்டிக்கலாம். விமானத்தில் ஏறக்குறைய அதே வேலையைச் செய்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58. 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில், கருவுற்றால் வேலையை விட்டு நீக்குவது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்ற தொனியில் உச்ச நீதிமன்றம் அந்தப் பகுதியை ரத்து செய்தது. இயக்குநரின் கட்டற்ற அதிகாரத்தையும் நீக்கியது. ஆனால் நான்கு ஆண்டு மணத்தடையைச் செல்லும் என்றது. அதற்குள் பெண் முதிர்ச்சி பெறுவாள், குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவும் என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. இரண்டு குழந்தைகள் இருக்கும்போது மூன்றாவதாகக் கருவுற்றால் நீக்குவது நியாயமே என்றும் நீதிமன்றம் கருதியது. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மணத்தை நாட்டின் மக்கள்தொகைக் கணக்கோடு முடிச்சுப்போட்ட அந்த வாதம் ஆண் ஊழியர்களுக்கு ஒருபோதும் நீட்டப்படவில்லை.

பின்னர் விதிகள் மறைமுகமாயின. எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்வோருக்கான படிவம் மாதவிடாய், கருவுற்ற விவரங்களைக் கேட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கேள்விகளை எடுக்கச் சொன்னது. ராணுவச் செவிலியர் பணியில் மணமானால் விடுவிக்கும் ஆணை 1995 வரை இருந்தது. 1988இல் அப்படி விடுவிக்கப்பட்ட ஒரு செவிலியருக்கு 60 லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். இடையில் கழிந்தவை முப்பத்தாறு ஆண்டுகள்.

பேறுகாலச் சட்டங்கள் இதற்கு இணையாக, வேறு வர்க்கத்திலிருந்து வளர்ந்தன. ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்காகப் பம்பாய் மாகாணம் 1929இல் சட்டம் இயற்றியது. மாகாணச் சட்டசபையில் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். சென்னை மாகாணச் சட்டம் 1934இல் வந்தது. 1961இன் மத்தியச் சட்டம் 12 வாரம் தந்தது. 2017 திருத்தம் முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைகள் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. செலவு முழுவதும் முதலாளியின் தலையில் விழுந்ததால், இளம் பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்கும் போக்குக்கு அது இடம் தந்தது.

மனநலம் இந்தக் கணக்கில் கடைசியாகத்தான் நுழைந்தது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கி, 1984இல் மனச்சிதைவு நோய்க்கான ‘ஸ்கார்ஃப்’ அமைப்பைத் தொடங்கினார். தற்கொலைத் தடுப்புக்கான ‘சினேகா’வை லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் நிறுவினார். பேறுகாலத்தை ஒட்டி மனநோய்க்கு ஆளாகும் தாயைக் குழந்தையோடு சேர்த்துப் பராமரிக்கும் பிரிவு பெங்களூரு நிமான்ஸில் 2009இல் வந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்பது 2017 மனநலச் சட்டத்தில் விதியாயிற்று. வேலையும் வீடும் சேர்ந்து தரும் அழுத்தத்தைப் பணி விதிகள் ஏறக்குறைய தொடவே இல்லை. அந்த அழுத்தத்தின் ஒரு பகுதி மட்டுமே எண்ணாகக் கிடைக்கிறது: ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக அரசின் 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு கூறுகிறது. 2019 ஆய்வில் இவை 299, 97. ஐந்து ஆண்டுகளில் இரு தரப்பிலும் ஏறத்தாழப் பத்து நிமிடம் குறைந்தது. இடைவெளி அப்படியே நிற்கிறது.

தமிழக அரசு தன் பெண் ஊழியர்களின் பேறுகால விடுப்பை 2021 ஜூலை முதல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக்கியது. ஆனால் இரண்டு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு இல்லை என்ற விதி தொடர்ந்தது. முதல் மணத்தில் பிறந்த இருவர் முன்னாள் கணவரிடம் வளர, மறுமணத்துக்குப் பிறகு கருவுற்ற அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி விடுப்பு தரச் சொன்னார். டிவிஷன் பெஞ்ச் அதை ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், பேறுகால விடுப்பு இனப்பெருக்க உரிமையின் பகுதி என்று கூறி அதை வழங்க உத்தரவிட்டது. மக்கள்தொகைக் கட்டுப்பாட்டு நோக்கமும் பேறுகாலப் பயனும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல, இரண்டையும் இணக்கமாகவே பார்க்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.