எம்டனை நினைவில் வைத்தோம், வுல்ஃபை மறந்தோம்

வத்தளையில் நான் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பத்திரிகைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், காலை நடைக்காகத் திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகப் பக்கம் செல்வது வழக்கமாயிற்று. அங்கு அறிமுகமான வயதான மீனவர் ஒருவர், "ஐயா, பெரிய கலவாய் பிடிக்கிறதெண்டால் கப்பல் கிடக்கிற இடத்துக்குத்தான் போகவேணும்" என்று ஒருநாள் சொன்னார். எந்தக் கப்பல் என்று கேட்டேன். "பழைய யுத்தத்தில தாண்ட கப்பல்" என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. கொழும்பில் நாற்பது ஆண்டுகள் செய்தி எழுதிய எனக்கும் அன்று தெரிந்திருக்கவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

முதலாம் உலக யுத்தம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது எம்டன். 1914 செப்டெம்பர் 22 ஆம் திகதி இரவு அந்த ஜேர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தாங்கிகளைக் குண்டு வீசி எரித்தது. பின்னர் தெற்கே வந்து இலங்கையைச் சுற்றிச் சென்று, மேற்குக் கடலில் கிங் லட், டைமெரிக் போன்ற வணிகக் கப்பல்களை மூழ்கடித்தது. ஆனால் கொழும்பு நகரின் மீது அது ஒரு குண்டையேனும் வீசவில்லை. அதே ஆண்டு நவம்பர் 9 ஆம் திகதி கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு அழிந்தது. இருந்தும், கெட்டிக்காரனையும் பொல்லாதவனையும் "அவன் ஓர் எம்டன்" என்று சொல்லும் அளவுக்கு அதன் பெயர் தமிழில் நிலைத்துவிட்டது.

கொழும்பின் வாசலுக்கே வந்து கப்பல்களைச் சாய்த்த மற்றொரு ஜேர்மன் கப்பலின் பெயரோ நம்மில் எவருக்கும் தெரியாது. அதுதான் வுல்ஃப். ஓநாய் என்பது அப்பெயரின் பொருள். முன்னர் வாக்ட்ஃபெல்ஸ் என்ற பெயரில் ஓடிய சாதாரண சரக்குக் கப்பல் அது. அதன் பக்கங்களில் பீரங்கிகளை மறைத்து வைத்து, அடித்தளத்தில் 450 இற்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை ஏற்றி, ஒரு சிறு கடல் விமானத்தையும் கொடுத்து, 1916 நவம்பர் 30 ஆம் திகதி கீல் துறைமுகத்திலிருந்து அனுப்பினார்கள். தளபதி கார்ல் ஓகஸ்ட் நேர்கர். எம்டன் போரிடப் பிறந்தது. வுல்ஃப் மறைந்திருக்கப் பிறந்தது. வணிகக் கப்பலின் தோற்றமே அதன் கவசமாக இருந்தது.

தென்னாபிரிக்கக் கரையில் கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டு அது இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்தது. 1917 பெப்ரவரி நடுப்பகுதியில் ஓர் இரவு கொழும்புக்கு வெளியே கப்பல்கள் வந்துபோகும் பாதையில் கண்ணிவெடிகளை விதைத்து, பம்பாய்ப் பக்கம் சென்றுவிட்டது. கண்ணிவெடியின் செயற்பாடு எளிமையானது. கடலடியில் நங்கூரம், அதிலிருந்து ஒரு கம்பி, அக்கம்பியின் நுனியில், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, வெடிமருந்து நிறைந்த இரும்புக் கோளம். அக்கோளத்தின் மேல் கொம்புகள் போல் ஈயக் குமிழ்கள் நீண்டிருக்கும். கப்பல் மோதினால் குமிழுக்குள் உள்ள கண்ணாடிக் குழாய் உடைந்து அமிலம் வழியும். அதனால் மின்சாரம் உண்டாகி வெடிக்கும். வைத்தவன் ஆயிரம் மைல் தொலைவில் இருந்தாலும் அது காத்திருக்கும்.

இரண்டு நாட்கள் கூடச் செல்லவில்லை. பெப்ரவரி 17 ஆம் திகதி பிபி நிறுவனத்தின் வூஸ்டர்ஷயர் என்ற 7,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல் கொழும்புக்கு அப்பால் வெடித்து மூழ்கியது. இருவர் மாண்டனர். நான்கு நாட்களின் பின்னர், 21 ஆம் திகதி, தூர கிழக்கு வணிகத்தில் பெயர்பெற்ற புளூ ஃபனல் நிறுவனத்தின் சரக்குக் கப்பலான பேர்சியஸ் அதே கடலில் அமிழ்ந்தது. மூவர் உயிரிழந்தனர்.

ஐந்து உயிர்கள்தானே என்று எண்ணத் தோன்றலாம். யுத்தம் லட்சக்கணக்கில் உயிர் குடித்த காலம் அது. ஆயினும் துறைமுகத்தில் நிலக்கரி சுமந்த தொழிலாளர்களின் பார்வையில் இதை எண்ணிப் பாருங்கள். அவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களது அன்றாடக் கூலி, வந்துசேரும் கப்பலில் தங்கியிருந்தது. கண்ணெதிரே இருந்த கடல் திடீரென்று பகையானது. பகைவனோ கண்ணில் படவில்லை.

வுல்ஃப் மறக்கப்பட்டதற்கு முதற் காரணம் இதுவே என்பது என் எண்ணம். எம்டனைச் சென்னை மக்கள் கண்டார்கள், தீயைப் பார்த்தார்கள், ஓடினார்கள், கதை பிறந்தது. வுல்ஃபை எவரும் காணவில்லை. இரண்டாவது காரணம் யுத்தகாலத் தணிக்கை. அவுஸ்திரேலியக் கரையில் 1917 ஜூலையில் கம்பர்லண்ட் என்ற கப்பல் இதே வுல்ஃபின் கண்ணிவெடியில் அடிபட்டபோது, உள்ளிருந்து எவரோ வைத்த வெடிதான் காரணம் என்றே முதலில் சொல்லப்பட்டது. பின்னரே கடலில் கண்ணிவெடிகள் கண்டெடுக்கப்பட்டன. காணாத பகைவனை விட்டுவிட்டு, கண்ணெதிரே உள்ள தொழிலாளியைச் சந்தேகிப்பது அதிகாரத்துக்கு எக்காலத்திலும் எளிது. இதனைப் பிற்காலத்து யுத்தமொன்றில் வாழ்ந்த நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை. வுல்ஃபோ 451 நாட்கள் கடலில் திரிந்து, நூற்றுக்கணக்கான கைதிகளுடன் 1918 பெப்ரவரியில் பத்திரமாகக் கீல் திரும்பியது.

கடந்த பெப்ரவரியில் பேர்சியஸ் கிடக்கும் இடத்துக்குப் போகும் வாய்ப்புக் கிட்டியது. அயல்வீட்டு இளைஞர் ஒருவர் சுழியோடி. மேற்குக் கடல் அமைதியாக இருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில்தான் இங்கு சுழியோட முடியும். என் வயதுக்கு இறங்க இயலாது, படகிலேயே இருந்தேன். "அங்கிள், கீழ போனா பத்து நிமிஷம்தான். அதுக்கு மேல நிற்க ஏலாது" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார்.

காரணத்தை முன்னரே விளக்கியிருந்தார். கப்பல் கிடப்பது ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்தில். அங்கே அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் ஐந்து மடங்கு. முதுகிலுள்ள காற்றும் ஐந்து மடங்கு வேகத்தில் தீரும். மூச்சுடன் செல்லும் நைதரசன் குருதியில் கரைந்து, மது அருந்தியவனைப் போல் அறிவை மயக்கும். அவசரமாக மேலே வந்தால் அதே வாயு குமிழிகளாகி உயிருக்கு உலை வைக்கும். பிரித்தானியக் கரையில் இத்தகைய கப்பல்களைத் தேடுவோர் குளிரிலிருந்து தப்ப நீர் புகாத தடித்த உடை அணிவார்கள். நமது கடல் வெதுவெதுப்பானது. ஆனால் ஆழத்தின் விதி எங்கும் ஒன்றே.

மேலே வந்த அவரிடம், என்ன கண்டீர் என்று கேட்டேன். உடைந்து பரவிய இரும்புத் தகடுகள், விலா எலும்புகள் போன்ற சட்டங்கள், அவற்றினிடையே கூட்டம் கூட்டமாக மீன்கள் என்றார். சற்றுப் பொறுத்து, "எதையும் தொடயில்லை அங்கிள். ஆக்கள் செத்த இடம்தானே" என்றார். அந்தச் சொல் என்னைத் தொட்டது. பழைய கப்பல்களின் பித்தளைக்கும் இரும்புக்கும் விலை உண்டு. ஆள் செத்த இடம் என்று அறியாதவன் அதைப் பழைய இரும்பாகவே பார்ப்பான்.

1942 ஏப்ரல் 9 ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலைப் பலர் அறிவர். அதே நாளில் திருகோணமலையில் தாக்கப்பட்ட சகாயிங் என்ற கப்பலை நமது கடற்படை 2018 இல் மேலே தூக்கியது. பேர்சியஸுக்கும் வூஸ்டர்ஷயருக்கும் அத்தகைய பேச்சு இல்லை.

2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிந்தபோது, எங்கள் சரக்குவப் பக்கக் கடற்கரை முழுவதும் பிளாஸ்ரிக் மணிகளால் வெண்மையாகிக் கிடந்ததைப் பார்த்தேன். அப்பொழுது அதைப் பற்றிப் பேசாத வாயில்லை. செய்தி ஆறுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும். ஆறியபின் மீனவரின் நினைவில் "கப்பல் கிடக்கிற இடம்" என்ற மூன்று சொற்களே எஞ்சும்.

கொழும்புத் துறைமுகத்தில் பாட்டனோ பூட்டனோ வேலை செய்த குடும்பங்கள் இன்று உலகெங்கும் இருக்கின்றன. வீட்டு முதியோரிடம் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள். அந்த மீனவரிடம் நான் இப்போது கப்பலின் பெயரைச் சொல்லியிருக்கிறேன். "பேர்சியஸ்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது.