பழுதாகாத புரொஜெக்டரும் படக் கேபிள்களின் வரலாறும்



கடந்த கிழமை பாடசாலை அலுமாரியைத் துப்புரவு செய்தபோது ஒரு புரொஜெக்டர் கிடைத்தது. வெளிநாட்டில் தொழில் செய்யும் ஊர்ச் சகோதரர் ஒருவர் சில வருடங்களுக்கு முன் அன்பளிப்புச் செய்தது. அதன்மேல் "பழுது" என்று எழுதி ஒட்டியிருந்தது. எழுதியவர்களும் நாங்கள்தான். உண்மையில் அதில் ஒரு பழுதும் இல்லை. நாங்கள் வாங்கிய எடெப்டர்தான் பிழை. ஏன் பிழைத்தது என்று தேடியபோது அறிந்த வரலாற்றை உங்களோடும் பகிர்கிறோம்.

எங்கள் நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979இல் ஐ.ரி.என். மூலம் வந்தது. 1982இல் ரூபவாஹினி வந்தது. அப்போது டீவிக்குப் படம் வந்த வழி அன்டனா வயர். பிறகு டெக், டிவிடி பிளேயர் என்று வந்தபோது மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்கள் வீடுகளுக்குள் நுழைந்தன. மஞ்சளில் படம், வெள்ளையில் இடது பக்க ஒலி, சிவப்பில் வலது பக்க ஒலி. அந்த முனையை அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. கம்பனி 1930களிலேயே உருவாக்கிவிட்டது.

கணினி வேறு பாதையில் வந்தது. 1987இல் ஐ.பி.எம். கம்பனி தனது பீ.எஸ்/2 கணினிகளோடு வீ.ஜீ.ஏ.வை அறிமுகம் செய்தது. மூன்று வரிசையில் 15 துளைகள், அநேகமாக நீல நிறம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி வயரில், கூடிக் குறையும் ஒப்புமைச் சமிக்ஞையாகச் செல்லும். ஒலி செல்லாது. அன்றைய குழாய்த் திரைகளுக்கு அது பொருத்தமாக இருந்தது.

தட்டைத் திரைகள் வந்ததும் நிலைமை மாறியது. கணினிக்குள் இருப்பதும் இலக்கம், திரைக்குத் தேவையானதும் இலக்கம். இடையில் ஏன் ஒப்புமையாக மாற்ற வேண்டும்? 1999இல் டீ.வி.ஐ. வந்தது. 2002 டிசம்பரில் சொனி, பிலிப்ஸ், தொஷிபா உட்பட ஏழு கம்பனிகள் சேர்ந்து எச்.டி.எம்.ஐ.யை வெளியிட்டன. 19 ஊசிகள், படமும் ஒலியும் ஒரே வயரில். 2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி. போன்ற கம்பனிகள் 2015 அளவில் வீ.ஜீ.ஏ.வைக் கைவிடப்போவதாக அறிவித்தன.

எங்களைப் போன்ற பாடசாலைகள் மாட்டிக்கொண்டது இங்கேதான். கையிலிருப்பது புதிய லெப்டொப், அதில் எச்.டி.எம்.ஐ. மட்டும். அன்பளிப்பாக வந்தது பழைய புரொஜெக்டர், அதில் வீ.ஜீ.ஏ. மட்டும்.

நாங்கள் கடையில் வாங்கியது "வீ.ஜீ.ஏ. டு எச்.டி.எம்.ஐ." எடெப்டர். முனைகள் எல்லாம் அழகாகப் பொருந்தின. திரையில் "நோ சிக்னல்" மட்டுமே வந்தது. அதற்குள் இருப்பது ஒப்புமையை இலக்கமாக்கும் சிறு சுற்று. அது ஒரு வழிப் பாதை, எதிர்த் திசையில் வேலை செய்யாது. எங்களுக்குத் தேவைப்பட்டது "எச்.டி.எம்.ஐ. டு வீ.ஜீ.ஏ.". சரியானதை வாங்கி மாட்டினோம், படம் வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆகவே வாங்க முன் இவற்றைக் கவனியுங்கள்:

• படம் கொடுக்கும் கருவியின் பெயரை முதலில் சொல்லுங்கள், வாங்கும் கருவியின் பெயரை அடுத்துச் சொல்லுங்கள்.

• வீ.ஜீ.ஏ.வில் ஒலி வராது. ஸ்பீக்கருக்கான சிறிய துளையும் உள்ள எடெப்டராகப் பாருங்கள்.

• 2006இல் வந்த டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்குப் போகும் சாதாரண கேபிளும் ஒரு வழிப் பாதைதான்.

• 2014இல் வந்த டைப்-சி துளை எல்லாவற்றிலும் படம் வராது. பல போன்களில் அது சார்ஜுக்கும் தரவுக்கும் மட்டுமே. முதலில் உங்கள் மொடலைச் சரிபாருங்கள்.

அந்தச் சகோதரர் ஸதகதுல் ஜாரியா என்ற நிய்யத்தோடுதான் அதைத் தந்திருப்பார். ஒரு சிறிய எடெப்டரை மாற்றி வாங்கிய எங்கள் கவனயீனத்தால், அதனால் பயன் பெற்றிருக்க வேண்டிய பிள்ளைகள் இத்தனை காலம் கரும்பலகையில் கீறிய படத்தை மட்டுமே பார்த்தார்கள். உங்கள் பள்ளிவாசலிலோ மத்ரஸாவிலோ "பழுது" என்று ஒதுக்கிய புரொஜெக்டர் இருந்தால், வீச முன் ஒருமுறை அதன் பின்பக்கத் துளைகளைப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், அதுவும் இன்னும் சில வருடங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படக்கூடும்.