குற்றச் சிறுநீரகம்

போடிமெட்டு தாண்டினால் கேரளம். அங்கே எர்ணாகுளம் அனுமதிக் குழு, குற்றப் பின்னணியைக் காட்டி ஒருவரின் சிறுநீரக தானத்தை மறுத்தது. 2021இல் உயர்நீதிமன்றம் அம்முடிவை ரத்துசெய்தது. குற்றவாளிச் சிறுநீரகம் என்று எதுவும் உடம்பில் இல்லை என்றார் நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன். உறவினரல்லாதவர் கொடுக்கும்போது 1994 சட்டம் பார்க்கச் சொல்வது பாசம் உண்டா, பணம் கைமாறியதா என்பதைத்தான். போலீஸ் ஏட்டை அல்ல.

மலைக்கு இந்தப் பக்கம் இது பழைய கதை. 1871இன் குற்றப் பழங்குடிச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர்ச்சனத்துக்கு அது 'கைரேகைச் சட்டம்'. ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்மீது 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு. 1947இல் மாகாணத்தில் சட்டம் போனது. குற்றத்தை ரத்தத்தில் தேடும் புத்தி போகலை. உடலைச் சந்தையிடமிருந்து காக்க வந்த குழு, கொடுக்கிறவனின் ஏட்டைப் புரட்டினால், அதுவும் ரேகை உருட்டிய மேசைதானே?